துணி போட்டு மூடிய பிறகு

31 மே 2020, ஞாயிறு

மூர்த்தி கனடாவில் இருந்தபடியே ஆர்டர் போட்ட டேப் இன்று வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்கிற பிள்ளைக்கு அப்பன் சிலேட்டு வாங்கித் தருவான். பத்திர ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு மகன் வாங்கித் தந்திருக்கிறான். விமானம் ஓடவில்லை, எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது, இனி இதில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

முதல் அழைப்பில் அவனுக்கு என் நெற்றியும் மேலே ஓடும் ஃபேனும்தான் தெரிந்தனவாம். "கொஞ்சம் கீழ சாச்சுப் புடிங்கம்மா" என்றான். சாய்த்தால் மூக்கு மட்டும் தெரிகிறது என்றான். கடைசியில் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அதுதான் சரியாக நின்றது.

மியூட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் நாம் பேசுவது எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்காதாம். என் சர்வீஸ் முழுக்க என் வாயை அடைக்க ஒரு சார்பதிவாளரும் பிறந்து வரவில்லை. அந்தப் பொத்தான் பக்கமே நான் போகப்போவதில்லை என்று சொன்னேன். சிரித்தான். சிரித்தால் அப்படியே அவன் அப்பா. அவர் போனபிறகு எனக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு வருவான். அங்கே அப்போது காலை. மற்ற ஆறு நாளும் நான் உயிரோடு இருப்பது அந்த ஏழு மணிக்காகத்தான்.

10 ஜூன், புதன்

தரகர் குழந்தைவேலு வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் பெண் பார்ப்பதும் டேப்பில்தானாம். பையனுக்கு வயது முப்பத்திமூன்று ஆகிவிட்டது, ஊரடங்கு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நரைத்துவிடும் என்றார். பெருந்துறையில் ஒரு இடம் சொல்கிறார்.

மூர்த்தியிடம் போனில் கேட்டேன். இப்போது என்ன அவசரம் என்று இழுத்தான். நான் கொஞ்சம் குரலை உயர்த்தியதும் "உங்க இஷ்டமுங்கம்மா" என்று முடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் வளர்ப்பு.

14 ஜூன், ஞாயிறு

பெருந்துறைப் பெண்ணைப் பார்த்தோம். அம்சவேணியை வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். என் தங்கை, அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நான் சொல்வதற்குத் தலையாட்ட ஆள் வேண்டுமே. திரையில் மூன்று கட்டம்: பெண் வீட்டார் ஒன்றில், நான் ஒன்றில், மூர்த்தி ஒன்றில். அவன் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு சொத்துக்குப் பத்திரம் முடிக்குமுன் முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். காலம் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவளைச் சும்மா விட முடியுமா? எழுந்து நடக்கச் சொன்னேன். திரும்பி நிற்கச் சொன்னேன். பின்னலை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். செய்தித்தாளில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். கடைசியில் வழக்கப்படி "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க" என்றேன். போவதற்கு ஏது ஊர், எல்லாம் அவரவர் வீட்டில்தான். ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன பிறகுதான் பெண் வீட்டார் அசைய வேண்டும். அவர்களும் கைகூப்பியபடியே இருந்தார்கள். நல்ல பழக்கம்.

டிவிக்குப் போட்டிருந்த பூவேலைத் துணியை எடுத்து டேப்பின் மேல் போட்டு மூடிவிட்டு, காப்பி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்து அம்சாவோடு பேசினேன். பெண் நடக்கவில்லை, தள்ளாடுகிறது. குரல் லாரி கிளீனர் குரல். அவள் அம்மா கழுத்தில் கிடந்தது அத்தனையும் கவரிங். அம்சாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் நன்றாகச் சிரித்தேன்.

18 ஜூன், வியாழன்

பெருந்துறைக்காரர்களுக்கு இஷ்டமில்லையாம். ஜாதகம் பொருந்தவில்லை என்கிறார்களாம். பொருத்தம் பார்த்துக் கொடுத்ததே அவர்கள்தான். போகட்டும். நான் வேண்டாம் என்று சொல்வதற்குமுன் அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

28 ஜூன், ஞாயிறு

தாராபுரம். பெண் பார்க்க லட்சணம்தான். தாய் இல்லை, அப்பன் வளர்த்த பிள்ளை. கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். சோறு வடிக்கத் தெரியுமா என்று நான் அவளைக் கேட்டால், "எனக்கே அதுதானுங்க பத்து வருசமா வடிச்சுப் போடுது" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பெண் பார்க்கிற இடத்தில் என்ன அழுகை.

துணியைப் போட்டு மூடிய பிறகு அம்சாவிடம் சொன்னேன், இது ஆத்தாளை முழுங்கிய ஜாதகம், அடுத்து என்னைத்தான் முழுங்கும், அந்த அப்பன் அழுகிற அழுகையைப் பார்த்தால் சீதனமாக அவரையும் சேர்த்து அனுப்பிவிடுவார்போல என்று. அம்சாகூட "மெல்லப் பேசுக்கா" என்றாள். என் வீட்டில், என் கூடத்தில், யாருக்குப் பயந்து மெல்லப் பேச வேண்டும்?

1 ஜூலை, புதன்

தாராபுரத்துக்காரர் இனி என் வாசப்படி மிதிக்காதே என்று குழந்தைவேலுவைச் சத்தம் போட்டாராம். என்ன காரணம் என்று கேட்டதற்குத் தரகர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை கமிஷன் தகராறாக இருக்கும்.

5 ஜூலை, ஞாயிறு

அம்சா ஒரு திருப்புகழ்க் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். அதுவும் டேப்பில். பாட்டு நல்ல பாட்டுதான், பாடுகிறவர்கள்தான் முருகனைச் சோதிக்கிறார்கள். மூர்த்தியிடம் புலம்பினேன். ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவை அணைத்துவிட்டால், நம் கட்டத்தில் அந்தப் படம் நிற்கும். பார்க்கிறவர்கள் நெட் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்று என் படம் பக்தியோடு திருப்புகழ் கேட்டது. நான் பின்கட்டில் அவரைக்காய் உரித்தேன். முடிந்ததும் அம்சா போன் செய்து "கண்ண எடுக்காமக் கேட்டியேக்கா" என்கிறாள். அசடு.

19 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. பெண் பார்க்க முடியாது. மூர்த்தி முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது.

30 ஆகஸ்ட், ஞாயிறு

பவானிப் பெண். பல். மூடிய பிறகு அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம்.

2 செப்டம்பர், புதன்

பவானியும் மாட்டேன் என்றுவிட்டது. மூன்று இடம், மூன்றும் பார்த்த கையோடு தட்டிப் போகிறது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறாள் அம்சா. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சாயங்காலம் டேப்புக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன்.

13 செப்டம்பர், ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று பார்த்தது காங்கயம் நாச்சிமுத்து மகள் மோகனப்பிரியா. அவளும் கனடாவில், மூர்த்தி இருக்கிற அதே ஊரில் வேலை பார்க்கிறாள். பெற்றவர்கள் காங்கயத்தில் ஒரு கட்டத்தில், அவள் ஒரு கட்டத்தில், மூர்த்தி ஒன்றில், நானும் அம்சாவும் ஒன்றில். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நடக்கச் சொன்னேன், நடந்தாள். தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கியபோது வளையல் சரிந்தது. மணிக்கட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டேன். துணியைப் போட்டு மூடினேன்.

"கையப் பாத்தியா அம்சா?" என்றேன். "வெண்குட்டம். வளையலப் போட்டு மறைக்கப் பாக்கறா. நாளைக்குப் பொறக்கறதுக்கும் புள்ளி புள்ளியா வரும். இங்க எவனும் கட்டமாட்டான்னுதான் கனடாவுக்குத் தள்ளிவிட்டிருக்கறாங்க."

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அத்தை, நாங்க இன்னும் போகலீங்க. நீங்க எந்திரிச்சப்புறம் போலாம்னு அப்பா உக்காந்துட்டிருக்கறாருங்க."

அம்சா கையிலிருந்த டம்ளர் விழுந்து காப்பி தரையெல்லாம் ஓடியது. நான் துணியை இழுத்தேன். நாலு கட்டமும் அப்படியே இருந்தன. நாச்சிமுத்து கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் மறைக்கலீங்க. வளையல் எங்கம்மா ஆசைக்குப் போட்டது. இப்ப நல்லாப் பாத்துக்குங்க."

வளையலைக் கழற்றிவிட்டுக் கையைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். என் டேப் முழுக்க அந்தக் கைதான். எத்தனை நேரம் காட்டினாளோ. பிறகு அவர்களாகவே போய்விட்டார்கள். மூர்த்தியின் கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. மூர்த்தி என்றேன். அவன் அணைந்தான்.

சிவப்பாகச் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால்தான் வெளியே வந்ததாகக் கணக்கு என்று இன்று அம்சாவின் மருமகள் வந்து காட்டினாள். துணி போட்டால் போதாதாம்.

14 செப்டம்பர், திங்கள்

அப்படியென்றால் பெருந்துறையும் கேட்டிருக்கிறது. தாராபுரமும், பவானியும். தாராபுரத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகத்துக்கு வருகிறது. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதைவிட இன்னொன்று இறங்கவில்லை. மூன்று முறையும் மூர்த்தியின் கட்டமும் திறந்துதானே இருந்திருக்கும்? போன் போட்டேன்.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுதுங்கம்மா. மொத நாள்ல இருந்தே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி."

"எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? நீங்க பேசினதுல அவங்களே வேண்டாம்னு போயிட்டாங்க. எனக்கு வேலை மிச்சம்."

கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். எல்லாப் பொத்தானும் சொல்லிக் கொடுத்தவன் அந்த ஒரு பொத்தானை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் நாக்கை வைத்தே தன் காரியத்தை முடித்துக்கொண்டிருக்கிறான். அந்த மூன்று பெண்களும் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அவனும் நினைக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன்தான், சந்தேகமே இல்லை.

4 அக்டோபர், ஞாயிறு

அழைப்பு இல்லை. வேலையாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஏழு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

18 அக்டோபர், ஞாயிறு

வந்தான். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டான். அந்தக் காங்கயத்துப் பெண் அங்கே தங்கியிருக்கிற வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனானாம். பிறகு மறுபடி போனானாம். அவளைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறானாம்.

அந்தக் கையையா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். உனக்குத்தான் கல்யாணமே வேண்டாமே என்று மட்டும் கேட்டேன்.

"உங்ககிட்ட அப்படி நிமிந்து பேசற ஒருத்தி எனக்கு வேணுமுங்கம்மா. எனக்குத்தான் இத்தனை வயசாகியும் அது வரல."

மூர்த்தி என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். சிவப்புப் பொத்தானைச் சரியாக அமுக்கி வெளியே வந்தேன். துணியையும் போட்டேன்.

6 டிசம்பர், ஞாயிறு

என் மகன் கல்யாணம் இன்று நடந்தது. அங்கே ஒரு கோயிலில், பத்துப் பேர் முன்னால். மற்றவர்கள் எல்லாம் டேப்பில்.

தாலி கட்டுமுன் தாயும் பிள்ளையும் ஒரே இலையில் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவன் அப்பாவும் தன் தாயோடு அப்படிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மணவறைக்கு வந்தார். ஒரு முழு வாழை இலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசைந்து, டேப் முன்னால் வைத்துக்கொண்டு, "மூர்த்தி, ஒரு வாய் இங்க பாரு சாமி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். சம்பந்தியம்மா கட்டத்தில் உதடு அசைகிறது, அவர்கள் குரலும் இல்லை. பிறகுதான் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். கல்யாணம் முடியும்வரை எல்லோரையும் அவர்களே மியூட் செய்து வைத்திருக்கிறார்களாம். என் பக்கமிருந்து எடுக்கவும் முடியாதாம்.

தாலி கட்டியபோது வாழ்த்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது. என் பாதி இலையைச் சாப்பிட்டேன். மறு பாதியை மாட்டுக்கு வைத்தேன்.

10 ஜனவரி 2021, ஞாயிறு

கல்யாணத்துக்குப் பிறகு மூர்த்தி மாறிவிட்டான். முன்பெல்லாம் நான் பேசும்போது கைபேசியைப் பார்ப்பான், கொட்டாவி விடுவான். இப்போது அசையாமல் உட்கார்ந்து கேட்கிறான். அவ்வப்போது நெட் நின்றுவிடுகிறது, அதனால் பதில் வருவதில்லை. முடிந்த பிறகு 'கேட்டேன்மா, அடுத்த வாரம் பாக்கலாம்' என்று வாட்சப்பில் போட்டுவிடுகிறான். மருமகளைக் காணோம். சமையலாக இருக்கும்.

7 பிப்ரவரி, ஞாயிறு

அதே நீலச் சட்டைதான். அங்கே குளிருக்கு அடிக்கடி துணி துவைக்க முடியாது. பின்னால் சன்னல் இருட்டாக இருக்கிறது. காலை நேரம்தான், ஆனால் பனிக்காலத்தில் அந்த ஊரில் விடியவே விடியாதாம். சுவரில் டிசம்பர் மாதக் காலண்டர் தொங்குகிறது. வெளிநாட்டில் தாள் கிழிக்கிற வழக்கம் இல்லைபோல.

வில்லங்கம் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவள் நான். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூட்டுவலி, முருங்கை பூத்தது, எதிர்வீட்டார் காலி செய்தது எல்லாம் சொன்னேன். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். பேசி முடித்த பிறகும் நான் பொத்தானை அமுக்குவதில்லை. அவர்கள் முதலில் போகட்டும் என்று காத்திருக்கிறேன். மரியாதை.

7 மார்ச், ஞாயிறு

இன்றும் நீலச் சட்டை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் போகவில்லை. துணியைப் போட்டுவிட்டு உலையில் அரிசி போடப் போனேன்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. மூர்த்தி அவன் பக்கம் மியூட் போட மறந்திருக்கிறான்.

"இன்னும் இருக்குதா?" என்று அவன் கேட்டான்.

"இருக்குது. துணியப் போட்டு மூடியாச்சு, கருப்பாத் தெரியுது." அவள் சிரித்தாள். "இத்தன மாசமாகியும் அந்தப் பொத்தான் எங்கிருக்குதுன்னு தெரியல பாருங்க. ஊருக்கு எப்ப வாறீங்கன்னு இன்னிக்கும் கேட்டிருப்பாங்களா?"

"போட்டோகிட்டக் கேட்டுட்டுப் போறாங்க, விடு. நீ மாத்திரை போட்டியா? டாக்டர் வெறும் வயித்தோட இருக்கக்கூடாதுன்னாரல்ல, ரெண்டு உசுருக்கும் சேத்துத் திங்கோணும்."

"உங்கம்மாகிட்ட எப்பச் சொல்றது?"

"பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"பொறந்தப்புறமும் காட்ட வேண்டாம். புள்ளி இருக்குதான்னு திருப்பித் திருப்பிப் பாப்பாங்க."

தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

உலையில் அரிசி போட்ட கையோடு கூடத்தில் வந்து நின்றேன். நானும் இன்னும் போகவில்லை கண்ணு என்று சொல்லியிருக்கலாம். அன்று அவள் சொன்னதைவிட அழகாகவே சொல்லியிருப்பேன். இருமலோ அழுகையோ ஒன்று கிளம்பியது. அது கேட்டுவிட்டால் அணைத்துவிடுவான். துணியின் ஓரத்தை மட்டும் தூக்கி மியூட் பொத்தானை அமுக்கினேன். நானாக அமுக்கியது இதுதான் முதல் தடவை. பிறகு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருமினேன்.

அவர்கள் தோசை வார்த்தார்கள். சட்னியில் உப்பு அதிகம் என்று அவள் சொல்ல, அவன் ஏதோ கிண்டல் செய்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுத் துணிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு குழைந்து போயிற்று. மூர்த்தி நன்றாகச் சிரிக்கிறான், அப்படியே அவன் அப்பா மாதிரி.

அடுத்த ஞாயிறு மதியமே சார்ஜ் போட்டு வைக்க வேண்டும்.